எஃப்2எஃப்எஸ் மவுண்ட் ஆகுது, கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் ஊத்திக்குது, ஏன்?

கோப்பிஓ_கோசோங்: வணக்கம் மக்களே, மூணு நாளா மண்டை காயுது. எஃப்2எஃப்எஸ்னு லினக்ஸ்ல ஃபிளாஷ் ஸ்டோரேஜுக்கான ஃபைல் சிஸ்டம் இருக்குல்ல, அதோட கம்ப்ரஷனுக்கு 14 டெஸ்ட் எழுதி ராத்திரி தானா ஓடுற மாதிரி வச்சிருக்கேன், வீட்டு லேப்டாப்ல எல்லாம் பச்சை, ஆனா காலைல ஜூரோங் ஈஸ்ட்ல ட்ரெயின் மாறுறப்ப ஃபோன பாத்தா ஆபீஸ் மெஷின்ல 14-ம் சிவப்பு. ஃபார்மட் பண்றப்ப கம்ப்ரஷன் ஃபீச்சர் போட்டுதான் பண்றேன், அல்காரிதம் ஆப்ஷன் குடுத்தா மவுண்டும் ஓகே, அப்புறம் ஃபைல கம்ப்ரஸ் பண்ணச் சொல்லி சேட்டர் பிளஸ் சி கமாண்ட் போட்டா "ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்"ங்குது. மவுண்ட் ஆச்சுன்னா சப்போர்ட் இருக்குன்னுதானே அர்த்தம்?

ஈசூன்_ராத்திரிப்பறவை: கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வெர்ஷன் பாருங்க ப்ரோ, இந்த கம்ப்ரஷன் 5.6-லதான் வந்துச்சு, 2020.

கோப்பிஓ_கோசோங்: அத மொதல்லயே பாத்தாச்சு லா, 5.15.

பழைய_யூனிக்ஸ்காரன்: தம்பி, வெர்ஷன் பத்தாது, கம்ப்ரஷன் தனி கன்ஃபிக், கெர்னல கட்டுறப்பவே ஆன் பண்ணணும். அது இல்லாத கெர்னல்ல ஆப்ஷன் குடுத்தா மவுண்ட் தடுக்காது, கெர்னல் லாக்ல "கம்ப்ரஷன் ஆப்ஷன்ஸ் நாட் சப்போர்ட்டட்"னு முணுமுணுத்துட்டு பேசாம ஏத்திடும், டிமெசேஜ் கமாண்ட் போட்டு அந்த லாக்க பாரு. உங்க ஆபீஸ் கெர்னல் யாரோ கைல கட்டுனதா இருக்கும். டெஸ்ட்டுக்கு முன்னாடி சிஸ்எஃப்எஸ்ல, அதாவது கெர்னல் தன் விவரத்த ஃபைலா காட்டுற இடத்துல, எஃப்2எஃப்எஸ் ஃபோல்டர், அதுக்குள்ள ஃபீச்சர்ஸ், அங்க கம்ப்ரஷன்னு ஒரு ஃபைல் இருக்கான்னு பாரு. இல்லன்னா ஃபெயில் ஆக்காத, ஸ்கிப் பண்ணு.

கோப்பிஓ_கோசோங்: அண்ணே அந்த வரி அப்படியே லாக்ல இருக்கு! கட்டுனது பக்கத்து சீட்டு ஆளுதான், சைஸ் கொறைக்கணும்னு எடுத்துட்டாராம். ஆனா செக் போட்டதும் இப்ப லேப்டாப்லயும் 14 ஸ்கிப் ஆகுது, ரீஸ்டார்ட் பண்ணப்புறம்தான் இப்படி.

பழைய_யூனிக்ஸ்காரன்: எஃப்2எஃப்எஸ் மாட்யூல், அதாவது கெர்னல்ல தேவைப்படுறப்ப ஏத்துற துண்டு, லோடாகாம அந்த ஃபோல்டரே வராதுப்பா. மொதல்ல மோட்ப்ரோப் கமாண்ட் போட்டு அத ஏத்து, அப்புறம் செக். இல்லன்னா எல்லாம் ஸ்கிப்பாகி ரிசல்ட் பச்சையா காட்டும், சிவப்ப விட அதுதான் ஆபத்து. அதனால ஸ்கிப் எத்தனைன்னு மெயில்ல தனியா வரட்டும். கன்டெய்னர்க்குள்ள ஓட்டுறியா?

கோப்பிஓ_கோசோங்: ஆமாண்ணே, டாக்கர்.

பழைய_யூனிக்ஸ்காரன்: அப்ப கெர்னல் வெளி மெஷினோடது, மோட்ப்ரோப்ப வெளில போடு. இமேஜ்ல உபுண்டு புதுசா இருக்கேன்னு நம்பாத.

கோப்பிஓ_கோசோங்: வெளில போட்டேன், லேப்டாப்ல 14 பச்சை, ஆபீஸ்ல 14 ஸ்கிப், காரணத்தோட. இன்னொண்ணு, 15-வதா முழுக்க பூஜ்யம் எழுதி, டிஸ்க்ல எவ்ளோ இடம் புடிக்குதுன்னு காட்டுற டியூ கமாண்ட்ல சைஸ் கொறையுதான்னு ஒரு டெஸ்ட் போட்டேன், லேப்டாப்லயே கொறையல.

பழைய_யூனிக்ஸ்காரன்: கொறையாது. இதோட நோக்கம் ஃபிளாஷ்ல எழுதுறத கொறைக்கிறது, மிச்சமான பிளாக்க ஃபைல் பேர்லயே ரிசர்வ்ல வச்சுக்கும். எஃப்2எஃப்எஸ்-ஐஓ டூல்ல கெட் சிபிளாக்ஸ் போட்டா எத்தனை மிச்சம்னு சொல்லும், அத செக் பண்ணு. ரிலீஸ் பண்ணா இடம் திரும்ப வரும், ஆனா அப்புறம் ரிசர்வ் பண்ற வரைக்கும் அந்த ஃபைல்ல எழுத முடியாது.

கோப்பிஓ_கோசோங்: கெட் சிபிளாக்ஸ்ல நம்பர் வருது அண்ணே. டெக்கா மார்க்கெட் பக்கம் வந்தா தே தாரிக் டீ என் கணக்கு.