மறு: ஷப்திக்கு (பழைய எகிப்துல செத்தவரோட கல்லறைல வைக்கிற சின்ன ஆள் பொம்மை) தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்? ஏவற்பாவையா, பதிலாளா?

> ஏவற்பாவை நல்லா இருக்கே, சுருக்கமா, படிச்ச உடனே புரியுது. இதையே முடிவு பண்ணிடலாமே.

ஐயா, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பொருள் வேற பக்கம் போயிடுது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எகிப்து கல்லறைங்கள்ல கிடைக்கிற ஆள் பொம்மைங்க எல்லாம் ஒரே சாதி இல்ல. தீப்ஸ்ல மெகெட்ரேனு ஒரு பெரிய அதிகாரியோட கல்லறைல 1920ல மரப் பொம்மைங்க கிடைச்சுதே, ரொட்டி சுடுறவங்க, பீர் காய்ச்சுறவங்க, நெசவு நெய்யுற பொம்பளைங்க, மாட்டை எண்ணிக் கணக்கு எழுதுற எழுத்தருங்கனு ஒரு பண்ணையையே குட்டியா செஞ்சு உள்ள வெச்சிருந்தாங்க. அதுங்களுக்கு ஏவற்பாவைனு தாராளமா பேர் வைக்கலாம், அதுங்க எசமானுக்கு வேலை செய்ற ஆளுங்கதான்.

ஷப்தி அப்படி இல்ல. எகிப்து வரலாற்றுல மத்திய இராச்சியம்னு (Middle Kingdom) சொல்ற காலத்துல, ஏறக்குறைய நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, அது புழக்கத்துக்கு வந்தப்ப ஒரு கல்லறைக்கு ஒண்ணோ ரெண்டோதான், மம்மி மாதிரியே துணி சுத்தின உருவம், அது மேல செத்தவரோட பேரு. அதாவது அந்தப் பொம்மை அவரேதான். அவர் போகவேண்டிய இடத்துக்கு அவருக்குப் பதிலா போற ஆள்.

எதுக்குப் போகணும்னா, நைல்ல வருஷா வருஷம் வெள்ளம் வந்து வடியும், வடிஞ்சதும் கரை கட்டணும், வாய்க்கால் வெட்டணும், வரப்பு போடணும், அரசாங்கம் ஆளைக் கூப்பிடும், கூப்பிட்டா போயே ஆகணும். ஓடிப்போனாலும் விடமாட்டாங்க, ப்ரூக்ளின் மியூசியத்துல இருக்குற ஒரு பாப்பிரஸ்ல அப்படி வேலைக்கு வராம ஓடினவங்க பேரெல்லாம் வரிசையா எழுதி வெச்சிருக்கு. இப்ப செத்தப்புறம் போற நாணல் வயலும் இதே மாதிரி ஊருதானே, அங்கயும் பார்லி விளையும் வாய்க்கால் ஓடும், ஒசிரிஸ் அங்க ராஜா, ராஜா இருந்தா கூப்பிடாம இருப்பாரா? அந்த பயத்துக்குச் செஞ்சதுதான் ஷப்தி. செத்தவங்களுக்கான மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூல்ல 6ஆம் மந்திரம் இதுக்குன்னே இருக்கு, பொம்மை மேலயே அதை எழுதியிருப்பாங்க. சாராம்சம் இதான்: வயலை விளைய வைக்க, கரைக்குத் தண்ணி பாய்ச்ச, கிழக்குலேர்ந்து மேற்குக்கு மணல் சுமக்கனு இவரைக் கூப்பிட்டா, "இதோ இருக்கேன்"னு நீ பதில் சொல்லணும்.

நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆள் வைகைக் கரைய அடைக்க வரணும்னு பாண்டியன் முரசு அறைஞ்சப்ப, ஆளில்லாத வந்திக்காக பிட்டு வாங்கித் தின்னுட்டு சிவன் மண்வெட்டியோட போனாரே, கிட்டத்தட்ட அந்த வேலை. அவரை வந்தியோட வேலைக்காரன்னா சொல்லுவோம்?

அதனால என் ஓட்டு பதிலாள். தனியா நின்னா புரியாதுன்னா பதிலாள் பாவைனு போடுங்க. பிற்காலத்துல இந்தப் பொம்மைய உஷெப்தினு எழுத ஆரம்பிச்சாங்க, "பதில் சொல்றவன்"னு அர்த்தம். தமிழ்ல பதில்னா மறுமொழி, பதிலுக்குப் போறதுன்னா மாத்தாளா போறது, ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள உக்காந்திருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்?

> விடைப்பாவை-னு தூய தமிழ்ல வெச்சா என்ன? பதில் அரபுச் சொல்.

அரபு பதல்-லேர்ந்து வந்ததுதான், மறுக்கல. ஆனா விடைனு வெச்சா பரிட்சை ஞாபகம்தான் வருது, மாத்தாள்ங்கிற பாதி அர்த்தம் காணாமப் போயிடுது. அதுவும் இன்னிக்கு எகிப்துக்காரனே அரபுதான் பேசுறான், அவனுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதுக்கு.

ராஜாவுக்கும் இதுல விலக்கு இல்லங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1922ல தூத்தன்காமுன் கல்லறையத் திறந்தப்போ உள்ள இருந்தது 413 ஷப்தி: நாளுக்கு ஒண்ணுனு 365, பத்து பேருக்கு ஒரு மேஸ்திரினு 36, மாசத்துக்கு ஒண்ணா 12. சூடான்ல நூரி பிரமிடுல தஹார்காங்கிற ராஜாவுக்கு ஆயிரத்துக்கு மேல, அத்தனையும் கல்லு. உயிரோட இருந்தவரைக்கும் ஊரையே வேலைக்குக் கூப்பிட்டவங்க!

---

அண்ணை, நல்ல தெரிவு. எங்கட பக்கம் பதில் நீதவான், பதில் அதிபர் எண்டு அரச கடிதத்திலேயே வரும், ஒருவரும் முழிக்க மாட்டினம். ஆனா ஒரு கேள்வி. 21ஆம் வம்சத்துக்குப் பிறகு வாற நீலப்பச்சைப் பொம்மையள் அச்சில ஊத்தினது, கூட்டமாச் செய்தது. அந்தக் காலத்தில இதுகளை அடிமை எண்டுதானே பார்த்தவை? அப்ப ஐயா சொன்ன ஏவலும் சரிதானே?

---

சரியான கேள்வி. பிரிட்டிஷ் மியூசியத்துல ஒரு ரசீது இருக்கு, ஷப்தி செய்றவர் எழுதிக் குடுத்தது. 365ம் மேஸ்திரி 36ம் ஆக 401 பொம்மைக்கும் வெள்ளி வாங்கிட்டேன், இனி நீங்க போய் அவருக்காக வேலை பாருங்கனு பொம்மைங்களைப் பாத்தே சொல்றாரு. கூலி குடுத்தாச்சு, இனி மாட்டேன்னு சொல்ல முடியாதுங்கிற கணக்கு. அந்தக் காலத்துக்கு ஏவல் வாடை அடிக்குதுதான், ஒத்துக்கிறேன். ஆனா அப்பவும் மந்திரம் மாறல, "அவருக்குப் பதிலா"ங்கிற பேச்சும் மாறல, பேரை அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். பிற்காலப் பொம்மைங்களைப் பத்தின பத்தில ஏவலாளா ஆன கதைய எழுதிக்கலாம்.

அந்த 36 மேஸ்திரிப் பொம்மைங்களுக்குத்தான் இன்னும் தமிழ்ப் பேர் வரல. அவங்க மட்டும் மம்மிக் கட்டு இல்லாம வேட்டி மாதிரி மடிப்புத் துணி கட்டி, கைல சாட்டையோட நிப்பாங்க, பாத்தாலே தெரிஞ்சிடும். "மேற்பார்வையாளர் பாவை"னு யாரோ போட்டிருந்தீங்க, அது பொதுப்பணித்துறை ஆபீஸ் மாதிரி இருக்கு. கங்காணிப் பாவைனு போடலாம்னு இருக்கேன். மலையகத்துப் பக்கத்து ஆளுங்க யாராச்சும் இந்த மெயில் லிஸ்ட்ல இருந்தா, தேயிலைத் தோட்டக் கங்காணிங்களால அந்தச் சொல்லுக்கு அங்க வேற கசப்பு இருக்கு, உங்களுக்கு சரிப்படுமான்னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன், ஆட்சேபணை இல்லன்னா நம்ம சொல் பட்டியல்ல ஏத்திடுறேன்.