நேப்பியர் மஞ்சளாவுது, கொழுக்கட்டைப் புல்லு முளைக்கவே இல்ல... எதத்தான் வச்சிக்கிடட்டும்?

மானூர்_செவக்காடு:
வணக்கம் மக்கா. நமக்கு மானூர் பக்கம் செவக்காடு, ரெண்டு பசு, ஒரு கெடாரி, வெள்ளாடு பதினாலு. போன ஆவணி கடைசில கோ 5 நேப்பியர்ங்கிற மாட்டுத் தீவனப் புல்லுக் கரணை (நடுத தண்டுத் துண்டு) வாங்கி போர் தண்ணிய நம்பி 20 சென்ட்டு நட்டேன், மொத அறுப்பு ஆளு உசரத்துக்கு வந்துச்சு, தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. இப்ப சித்திரை பொறந்து ஆறாவது அறுப்பும் முடிஞ்சாச்சு, தளுத்து வாரதெல்லாம் ஈக்குமாத்துக் குச்சி மாதிரி ஒல்லியா இருக்கு, அடி இலை நுனில இருந்து மஞ்சளாவுது, நடுவுல பத்துப் பதினஞ்சு தூரு செத்தே போச்சு. பக்கத்துக் காட்டு அண்ணாச்சி ஒரு சொட்டுத் தண்ணி பாய்ச்சாம கொழுக்கட்டைப் புல்லுன்னு மானாவாரித் தீவனப் புல்லு வச்சிருக்காவ, காஞ்சு கருவாடா கெடந்தது ஐப்பசில பெஞ்ச ஒரு மழைக்குப் பச்சை பிடிச்சிட்டு. அதப் பாத்து ஆச வந்து தையில அவிய காட்டுலயே விதைய உருவி, மாசில ஒரு ஏக்கர்ல வெதச்சு ரெண்டு ஓட்டு கலப்பையும் ஓட்டுனேன். ஒண்ணு கூட முளைக்கல. பேசாம நேப்பியரத் தோண்டிப் போட்டுட்டு அங்கன கொழுக்கட்டையப் போட்டுறலாமா? போட்டோ கேக்காதிய, போன் கேமரா போச்சு.

பொருநைக்கரை:
தம்பி, போர் தண்ணின்னு சொல்லுதிய, உப்புத் தண்ணியா? நம்ம சேரன்மாதேவில ஆத்துத் தண்ணிக்கு நேப்பியர் கரும்பு கணக்கா நிக்கும், அதே கரணைய மச்சான் காட்டுல போர் தண்ணில வச்சாவ, கொளுந்து வெளுத்துப் போச்சு. அன்னபேதி (இரும்புச் சத்து உப்பு) அடிங்க, 10 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம்.

வல்லநாடு_வாத்தியார்:
அண்ணாச்சி, அவசரப்பட்டு அன்னபேதிய அடிக்கச் சொல்லாதிய. அவரு அடி இலைல மஞ்சள்னு எழுதிருக்காரு. இரும்புச் சத்துக் குறைஞ்சா மேல கொளுந்துலதான் தெரியும், நரம்பு பச்சையாவும் நடு வெளுப்பாவும் இருக்கும், சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண்ணுல இது சகஜம். அடி இலை நுனில இருந்து மஞ்சளாச்சுன்னா தழைச்சத்துப் பஞ்சம், பயிரு கீழ இருக்கத உருவி மேல குடுக்குன்னு அர்த்தம். தம்பி, ஒவ்வொரு அறுப்புக்குப் பொறவும் என்ன உரம் வைக்கிய?

மானூர்_செவக்காடு:
நடும்போது ரெண்டு வண்டி சாணி எரு போட்டேன். அதுக்கப்புறம்... புல்லுக்கு எதுக்கு உரம்னு விட்டுட்டேன் சார்.

வல்லநாடு_வாத்தியார்:
அதான பாத்தேன். புல்லுன்னு பேருதான், தீனி கரும்பு தீனி. வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்குப்படி ஹெக்டேருக்கு ஒவ்வொரு அறுப்புக்கும் 75 கிலோ தழைச்சத்து, நம்ம 20 சென்ட்டுக்கு அது 13 கிலோ யூரியா வரும். கொட்டில் கழுவுன தண்ணிய வாய்க்கால்ல கலந்து விட்டா கொஞ்சம் கொறச்சுக்கிடலாம். வருசத்துக்கு ஹெக்டேருக்கு 360 டன் பச்சைன்னு சொல்லுதாவளே, அது சும்மா வருமா, அம்புட்டும் மண்ணுல இருந்துதான வெளிய போவுது. ஆனா ஒரு சந்தேகம் எனக்கு நெருடுது. ஆவணி கடைசில நட்டா மொத அறுப்பு 75-80 நாளு, கார்த்திகைல வரும். பொறவு 45 நாளுக்கு ஒண்ணுன்னா சித்திரைக்குள்ள நாலுதான் வரணும். ஒங்களுக்கு ஆறு எப்பிடி வந்துச்சு?

மானூர்_செவக்காடு:
மாட்டிக்கிட்டேன். 28, 30 நாளுக்கு ஒருக்க அறுத்துட்டேன் சார். பொங்கலுக்குப் பொறவு வைக்கோல் தீந்து போச்சு, மாட்டக் கத்த விட்டுட்டு எப்பிடி சார் சும்மா இருக்க. எளம்புல்லுல சத்து ஜாஸ்தின்னும் யூடியூப்ல சொன்னாங்க.

வல்லநாடு_வாத்தியார்:
சத்து ஜாஸ்திதான், தண்ணியும் ஜாஸ்தி, ஆக்சலேட்டும் ஜாஸ்தி. பசு கழிச்சல் போடுதா?

மானூர்_செவக்காடு:
ஆமா!! அதையும் கேக்கணும்னு நெனச்சேன், அது வேற பிரச்சனைன்னு விட்டுட்டேன்.

வல்லநாடு_வாத்தியார்:
எல்லாம் ஒரே பிரச்சனைதான். தூரு தன் வேருலயும் அடித்தண்டுலயும் சேத்து வச்சதக் கொண்டுதான் தளுக்கும், அது திரும்பச் சேக்கதுக்குள்ள நீங்க அருவாளத் தூக்கிட்டுப் போயிட்டிய, அஞ்சு தடவ. உரமும் இல்ல. சாகாம என்ன செய்யும். இப்ப ஒரு அறுப்பத் தியாகம் பண்ணுங்க, யூரியா வச்சு தண்ணி விட்டு 50 நாளு தொடாதிய. யூரியா போட்ட வாரத்துல ஆசப்பட்டு அறுத்துறாதிய, நைட்ரேட் ஏறி மாடு விழுந்துரும். செத்த எடத்துல ரெண்டு கணு உள்ள முத்துன கரணைய ஒரு கணு மண்ணுக்குள்ள இருக்க மாதிரி சாய்ச்சு நடுங்க. அதுவரைக்கும் வைக்கோல் வெலைக்கு வாங்குங்க, வேற வழி இல்ல. தாது உப்புக் கலவையும் குடுங்க, ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தப் பிடிச்சு வச்சிக்கிடும், பால் மாட்டுக்கு அது ஆவாது.

பொருநைக்கரை:
அறுக்கும்போது மண்ணோட ஒட்ட அறுக்கணும் தம்பி, மேல விட்டா கணுவுலதான் ஒல்லிக் குச்சி வெடிக்கும்.

வல்லநாடு_வாத்தியார்:
நல்ல தூருக்கு சரி அண்ணாச்சி, செத்துக்கிட்டு இருக்க தூருக்கு நாலு விரக்கடை விடட்டும். இதுல நமக்குள்ள சண்ட தீராது, விடுங்க.

ராதாபுரம்_ஆட்டுக்காரி:
கொழுக்கட்டைக்கு யாருமே பதில் சொல்லலியே. தம்பி, எங்க காட்டுல ஆறு வருசமா கெடக்கு, நெலம் செவலும் மணலும், காத்தாடி மின்சாரத்துக்கு விக்காம மிச்சம் வச்ச பூமி. நீங்க ரெண்டு தப்பு பண்ணிருக்கிய. புது விதை முளைக்காது, அதுக்கு ஒறக்கம் உண்டு, சாக்குல கட்டி ஆறு, எட்டு மாசம் போட்டு வைக்கணும். நீங்க தையில உருவி மாசில போட்டுட்டிய, அது தூங்குது. ரெண்டாவது அது பஞ்சு மாதிரி விதை, கலப்பை ஓட்டி ஆழத்துல பொதச்சா மேல வராது, ஈர மணல்ல பெசஞ்சு தூவி முள்ளுக் கொப்ப இழுத்து விட்டாப் போதும், ஒரு வெரல்ல பாதி ஆழம் கூட வேண்டாம். மாசில மழையும் கெடையாது. புரட்டாசி கடைசில தூவுங்க, ஏக்கருக்கு 3 கிலோ. இல்லன்னா ஐப்பசி மழைல அண்ணாச்சி காட்டுத் தூரப் பிச்சு நட்டுருங்க, அது இன்னும் சுலுவு.

மானூர்_செவக்காடு:
அக்கா, அப்ப நேப்பியர் இருக்க எடத்துல அதப் போட்டா தண்ணிச் செலவு மிச்சம்தான?

ராதாபுரம்_ஆட்டுக்காரி:
தண்ணி மிச்சம், புல்லு எங்க? கொழுக்கட்டை நல்லா மழை கண்டாலே ஹெக்டேருக்கு வருசம் 40 டன்தான்னு சொல்லுவாவ, நாலஞ்சு அறுப்பு. நேப்பியர் அதுல ஒம்பது மடங்கு. 20 சென்ட்டு கொழுக்கட்டை ஒங்க ஒரு பசுவுக்கே காணாது. நீங்க பண்ணது என்னன்னா நேப்பியரக் கொழுக்கட்டை மாதிரி பட்டினி போட்டிய, கொழுக்கட்டைய நேப்பியர் மாதிரி உழுது பொதச்சிய. பசுவுக்கு அது, ஆட்டுக்கு இது. நேப்பியர் தண்ட வெள்ளாடு திங்காது, சாப் கட்டர்ல வெட்டிப் போட்டாலும் இலையப் பொறுக்கிட்டு மிச்சத்த மிதிக்கும். கொழுக்கட்டைத் தண்டு மெலிசு, மேய விடலாம், பூக்க ஆரம்பிக்கும்போது அறுத்துக் காயவச்சா கோடைக்கும் ஆவும். கூட முயல்மசால்னு பயறு வகைத் தீவனமும் தூவுங்க. மொத வருசம் மட்டும் ஆட்ட உள்ள விட்டுறாதிய, வேரோட பிடுங்கிரும், ஒரு தடவ விதை உதுந்தா பொறவு தன்னால நெறஞ்சிக்கிடும்.

பொருநைக்கரை:
ரெண்டுமே தண்ணி தேங்குனா போச்சு, அதையும் சொல்லிருங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க வயக்காட்டு நேப்பியர் பல நாளு முங்கிக் கெடந்து அழுகி நாறிப் போச்சு.

மானூர்_செவக்காடு:
ஆனி மாச அப்டேட். 51 நாளு பொறுத்து நேத்து அறுத்தேன், தூருக்கு தூரு தண்டு பெருவெரல் மொத்தம் இருக்கு. சாணி கெட்டியாயிட்டு. நடுவுல வைக்கோல் வாங்குன கடன வீட்டுல இன்னும் சொல்லிக் காட்டுதாவ. புது விதை உருவி சாக்குல தொங்குது, எலிக்குப் பயந்து அடுப்படி உத்தரத்துல கட்டிருக்கேன். ஆனா கெழக்கு ஓரம் நாலு வரி மட்டும் கொளுந்து வெளுப்பு, நரம்பு பச்சை. அங்கன மம்பட்டி போட்டா சுக்கான் கல்லு தட்டுது. பொருநைக்கரை அண்ணாச்சி, அந்த அன்னபேதி கணக்கு 10 லிட்டருக்கு 50 கிராம்தான?

பொருநைக்கரை:
ஆமா. சாயங்காலம் அடிங்க. நான் அன்னைக்கே சொன்னேம்லா.