வயதானவர்களின் தள்ளாட்டம் குறைய எளிய பயிற்சிகள் உண்டா?

கேள்வி:
76 வயதான என் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். இதுவரை விழவில்லை என்றாலும், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நடப்பதையே குறைத்துவிட்டார். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
நடப்பதைக் குறைத்துவிட்டார் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கால் தசைகள் வலுவிழக்க, தள்ளாட்டம் இன்னும் கூடும். என் தந்தைக்குச் சமையல் மேடை அருகில்தான் தொடங்கினோம். இரு கைகளாலும் மேடையைப் பற்றிக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொடுமாறு வைத்து 10 விநாடிகள் நிற்பார். முதல் நாள் விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்கு இறுகப் பிடித்திருந்தவர், சில வாரங்களில் ஒரு கை, பிறகு இரண்டே விரல்கள் என்று பிடிமானத்தைத் தளர்த்தினார். அருகில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

பதில் 2:
நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இயன்றவரை கையூன்றாமல் மெதுவாக எழுந்து அமர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளை வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

பதில் 3:
எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா என்று முதலில் கேளுங்கள். சுற்றுகிறது என்றால், இரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ காரணமாக இருக்கலாம் என்பதால், மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள்.