"இன் கேஸ்"னா "இஃப்" தானே?

குன்னூர்க்காரன்:
நாங்க குன்னூர்ல சின்னதா ஒரு ஹோம்ஸ்டே நடத்துறோம். போன ஐப்பசியில இங்கிலாந்துலருந்து ஒரு வயசான தம்பதி வந்தாங்க, நல்ல மழை நேரம், பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சா ரோட்ட மூடிடுவாங்க, அதனால வாட்ஸ்அப்ல "டேக் த கோத்தகிரி ரோட் இன் கேஸ் தேர் இஸ் எ லேண்ட்ஸ்லைடு"ன்னு அனுப்பினேன். அன்னைக்கு பர்லியார் ரோடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அவங்க மேட்டுப்பாளையத்துலருந்து கோத்தகிரி ஏறி சுத்திக்கிட்டு, மிஸ்ட்ல ஊர்ந்து ஊர்ந்து, ராத்திரி எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. அந்தம்மாவுக்கு கை விறைச்சுப் போய் சுக்கு காபி டம்ளரக்கூட பிடிக்க முடியல, எனக்கு மனசே கேக்கல. ஏன் இந்த வழின்னு கேட்டா, நீங்கதானே சொன்னீங்கன்னு மெசேஜ காட்டுறாங்க. மண்ணு சரிஞ்சா மட்டும்னுதானே நான் சொன்னேன்?

கோத்தகிரி டீச்சர்:
தம்பி, அவங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. "இஃப்" போட்டா, சரிஞ்சாத்தான் அந்த வழி. "இன் கேஸ்" போட்டா, சரியுதோ இல்லையோ முன்கூட்டியே அந்த வழில போயிடுங்கன்னு ஆயிடுது. வெயில் அடிக்கும்போதே அம்மா "எதுக்கும் குடைய எடுத்துட்டுப் போ"ன்னு சொல்வாங்கல்ல, அந்த "எதுக்கும்"தான் இன் கேஸ். "டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்"னா குடை இப்பவே பைக்குள்ள போயாச்சு. "ஓப்பன் இட் இஃப் இட் ரெயின்ஸ்"னா தூறல் விழுந்தப்புறம் விரிச்சா போதும். பசங்க இத "ஒருவேளை"ன்னு மட்டும் மனப்பாடம் பண்றதுலதான் கோளாறே, எத்தன நோட்டுல திருத்தியிருக்கேன் தெரியுமா. அப்புறம் இன் கேஸுக்குப் பின்னாடி "வில்" போடாதீங்க.

கொடை மலை:
அப்போ "இன் கேஸ் ஆஃப் ஃபயர் பிரேக் த கிளாஸ்"னு போர்டு வைக்கிறாங்களே டீச்சர்? அது தீப்பிடிச்சாதானே உடைக்கணும்?

கோத்தகிரி டீச்சர்:
ஆமா, "ஆஃப்" சேர்ந்தா "தீப்பிடிச்சா"ன்னு ஆயிடும், அது போர்டு நோட்டீஸ் பாஷை. அமெரிக்காக்காரங்க வெறும் இன் கேஸையே சில சமயம் இஃப் மாதிரி போடுவாங்க, இங்கிலாந்துக்காரங்க பொதுவா அப்படி எடுத்துக்க மாட்டாங்க.

குன்னூர்க்காரன்:
ரொம்ப நன்றி டீச்சர், மெசேஜ்ல "இஃப் த பர்லியார் ரோட் இஸ் குளோஸ்டு"ன்னு மாத்திட்டேன். மார்கழில வர்றவங்களுக்கு "பிரிங் எ ஸ்வெட்டர் இன் கேஸ் இட் இஸ் கோல்டு"ன்னும் சேர்க்கலாம்ல?

கோத்தகிரி டீச்சர்:
இலக்கணம் சரி தம்பி. ஆனா இன் கேஸ்ங்கிறது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்ங்கிற விஷயத்துக்கு. நம்ம ஊர் மார்கழி குளிர்ல என்ன சந்தேகம், அதுக்கு "பிகாஸ்" போடுங்க.