'கலராயிட்டடி'ன்னு கமெண்ட் போட்டா என்ன சொல்றது?

டேம் பொண்ணு:
நான் காவேரிப்பட்டணம் பக்கம், காலேஜ் செகண்ட் இயர். போன ஞாயித்துக்கிழமை பிரெண்ட்ஸோட கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் போனோம். மொத தடவ நானே புடவை கட்டினேன், யூடியூப் பாத்து மூணு தடவ அவுத்து அவுத்து கட்டி மடிப்பு ஒழுங்கா வர்றதுக்குள்ள பஸ்ஸே போயிடுச்சு. பார்க்ல அண்ணன் போன்ல எடுத்த போட்டோவ இன்ஸ்டால போட்டேன். 'செம்மடி', 'அம்மாவ சுத்தி போடச் சொல்லு'ன்னெல்லாம் வந்துச்சு, ஜாலியாத்தான் இருந்துச்சு. ஆனா பத்து பேராவது 'எப்டிடி இவ்ளோ கலராயிட்ட', 'என்ன க்ரீம் போடுற'. நான் கருப்புதாங்க. அவளுங்க நல்ல மனசுலதான் சொல்றாளுங்க, ஆனா அப்போ இத்தன நாளா எப்படி இருந்தேன்னு நெனச்சாளுங்கன்னு இருக்கு. தேங்க்ஸ்னு போட்டா பொய், ஒன்னும் போடலன்னா திமிராம். என்ன பண்றது?

மாங்கா மண்டி:
கார்பைடு கல்லு வச்ச மாம்பழம் பாத்திருக்கியா தங்கச்சி, வெளிய மஞ்சளா மின்னும், காம்புகிட்ட மோந்து பாத்தா வாசனையே இருக்காது. உன்ன சொல்லல, உங்க அண்ணன் போன சொல்றேன் 😄

ஓசூர் கேமரா:
அவர் சொல்றது சரிதான். நெறைய போன்ல பியூட்டி மோடு தானாவே ஆன்ல இருக்கும், மூஞ்சிய வழவழன்னு ஆக்கி வெளுக்க வச்சிடும். கேமரா செட்டிங்ஸ்ல போய் அத ஆஃப் பண்ணிட்டு எடுத்துப் பாரு. நான் கல்யாண போட்டோ எடுக்கறவன், ஆல்பத்துல பொண்ண கொஞ்சம் கலராக்கிக் குடுங்கன்னு பொண்ணோட அம்மாவே வந்து நிப்பாங்க. ஒரு தடவ அப்படி ஏத்தி ஏத்தி மூக்குத்திக் கல்லே வெளுப்புல காணாம போச்சு, மறுபடி மொத்த ஆல்பமும் என் செலவுல.

சும்மா வந்தவன்:
லைக் வந்துச்சா, விடுமா. இதுக்கெல்லாமா ஒரு பதிவு.

பாலக்கோடு அக்கா:
உனக்கு விடலாம் தம்பி, உன்ன யாரும் க்ரீம் பேரு கேட்டிருக்க மாட்டாங்க. ஃபேர் அண்ட் லவ்லியே 2020ல பேர மாத்தி க்ளோ அண்ட் லவ்லி ஆயிடுச்சு, நம்ம வாய்தான் இன்னும் மாறல. கண்ணு, இன்ஸ்டா செட்டிங்ஸ்ல ஹிட்டன் வேர்ட்ஸ்னு இருக்கு, அதுல 'கலர்'னு போட்டு வச்சா அந்த வார்த்த வர்ற கமெண்ட் மறைஞ்சிடும். ஆனா பிரெண்ட்ஸுக்கு அது வேணாம்னு தோணுது. 'கலரு அண்ணன் போனோடது, புடவைய பத்தி ஒருத்தியும் சொல்லலையேடி'ன்னு போடு. சண்டையும் வராது, சொல்ல வேண்டியதும் சொன்ன மாதிரி இருக்கும்.

டேம் பொண்ணு:
அக்கா சொன்ன மாதிரியே போட்டேன், கூடவே அன்னைக்கு மீன் கடைகிட்ட என் போன்ல எடுத்த போட்டோவும் போட்டேன், அதுல எந்த மோடும் இல்ல, வேர்வையோட நிக்கறேன். லைக் பாதி கூட வரல. ஒருத்தி மட்டும் 'உனக்கு ஏழு மடிப்பு வந்திருக்கே, எனக்கு அஞ்சுக்கு மேல வரவே மாட்டேங்குது, சொல்லிக்குடுடி'ன்னு கேட்டிருக்கா. நாளைக்கு காலைல புடவைய எடுத்துட்டு வீட்டுக்கு வரா.