நீண்ட ஓய்வு முடிந்து முதல் ஓட்டம்: மனசை விட்டுப் போகாத ஒன்று

சேணம்:
டோக்காய் டெய்யோ என்ற ஜப்பானியப் பந்தயக் குதிரை, 1993 அரிமா கினென் ரேஸ். தெரிந்தவர்களுக்குப் பெயரே போதும். நாகயாமா, 2500 மீட்டர். முந்தைய ஓட்டம் 1992-இல் அதே அரிமா கினென்; அதில் 11-ஆவது இடம். நடுவில் ஒரு ஓட்டம்கூட இல்லை. 364 நாள். தன் ஓட்டக் காலத்தில் அதுவரை மொத்தம் மூன்று தடவை எலும்பு முறிந்திருந்தது. எதிரில் அந்த வருஷ டெர்பி ஜெயித்த வின்னிங் டிக்கெட், ஜப்பான் கப் ஜெயித்த லெகசி வேர்ல்ட், அதுவரை எந்த ரேஸிலும் முதல் இரண்டு இடத்தை விட்டு இறங்காத பீவா ஹயாஹிடே.

நாகயாமா நேர்ப்பாதை 310 மீட்டர்தான், அதிலும் கடைசியில் ஏற்றம். பீவா முன்னால் போயாச்சு. டெய்யோ வெளிப்பக்கமாக வந்து, அந்த ஏற்றத்தில் பாய்ச்சல் குறையாமல் அரை லெங்த்தில் (ஒரு குதிரை நீளத்தில் பாதி) எடுத்தது. லாயத்திலேயே நின்ற குதிரைக்கு முதலில் காலியாவது கடைசி 200 மீட்டர் என்பார்கள். அதே 200 மீட்டரில்தான் இது ஜெயித்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஃபர்லாங்:
ஒரு ரேஸை வைத்துக் கணக்கு போடாதீர்கள். ஃபோஹீன் என்ற தடை தாண்டும் குதிரையின் கதையையும் பக்கத்தில் வையுங்கள். 2016 ஜனவரிக்குப் பிறகு ஓடவே இல்லை. 665 நாள் கழித்து, 2017 நவம்பரில் அயர்லாந்தின் பஞ்ச்ஸ்டவுன், மோர்கியானா ஹர்டில் ரேஸ். 16 லெங்த் வித்தியாசத்தில் வெற்றி. பழைய குதிரை அப்படியே வந்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள்.

40 நாள் கழித்து லெப்பர்ட்ஸ்டவுன். ஆரம்ப வேகத்திலேயே தள்ளாட்டம். போட்டி சூடுபிடிப்பதற்குள் ஜாக்கி இழுத்து நிறுத்திவிட்டார். உறுத்துவது அந்த இடம்தான். முதல் ஓட்டத்தில் குதிரை புத்துணர்ச்சியில், தன்னிடம் இருப்பதைவிட அதிகமாகக் கொடுத்துவிடும், கடனுக்கு வாங்கிய மாதிரி. வசூல் அடுத்த ஓட்டத்தில். அமெரிக்காவில் இதற்கு ‘பவுன்ஸ்’ என்றே பெயர். ஓய்வு முடிந்து வரும் குதிரையை முதல் ஓட்டத்தில் மெச்சாதீர்கள், இரண்டாவதைப் பாருங்கள்.

கம்பம்:
ஃபர்லாங், 40 நாள் இடைவெளியை பவுன்ஸ் கணக்கில் எழுத முடியாது. அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் திரும்ப ஓடவிடுவதைத்தான் சொல்கிறார்கள். அதே ஃபோஹீன் 2018 ஏப்ரலில் பஞ்ச்ஸ்டவுனில் மூன்று மைல் ஸ்டேயர்ஸ் ரேஸை ஜெயித்ததை ஏன் விட்டீர்கள்?

எனக்குச் சரியான உதாரணம் எனேபிள். 2017 அக்டோபர் 1, பிரான்ஸின் பெரிய ரேஸான ஆர்க் ஜெயித்தது. பிறகு முழங்கால் காயம். 2018 செப்டம்பர் 8, கெம்ப்டன் செயற்கைத் தரையில் செப்டம்பர் ஸ்டேக்ஸ். கிரிஸ்டல் ஓஷனை மூன்றரை லெங்த்தில் அடித்தது. 29 நாளில் மறுபடி ஆர்க், லோன்ஷாம், 2400 மீட்டர். நேர்ப்பாதையில் தெளிவாகப் பிரிந்து போய்விட்டது. கடைசி 100 மீட்டரை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஸீ ஆஃப் கிளாஸ் கிட்டத்தட்ட கடைசியிலிருந்து வந்து தின்றுகொண்டே வருகிறது. எனேபிளின் பாய்ச்சல் சுருங்குகிறது. ஷார்ட் நெக், அதாவது ஒரு கழுத்து நீளத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வெற்றி. இன்னும் 20 மீட்டர் இருந்திருந்தால் முடிவு வேறு.

கேள்வி ‘ஜெயிக்குமா’ என்பதா, ‘தன் உச்சத்தில் ஓடுமா’ என்பதா? எனேபிள் ஜெயித்தது. உச்சத்தில் ஓடவில்லை. மற்ற குதிரைகளோடு இருந்த தர வித்தியாசம் குறைவை மூடிவிட்டது, அவ்வளவுதான்.

லாயக்காரன்:
எல்லாரும் ரேஸ் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். அது முடிவாவது பத்து வாரம் முன்னாடி. கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

ஓய்வில் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரம் தாக்குப்பிடிக்கும், திரும்ப ஏற்றும்போதும் சீக்கிரம் ஏறும். தசை நடுவில். எலும்பும் தசைநாரும்தான் பிந்தி வரும். அதனால் ஏழாவது எட்டாவது வாரத்தில் குதிரை மூச்சு வாங்காமல் ஓடும், கால் மட்டும் அந்த வேகத்துக்குத் தயாராக இருக்காது. பல விபத்து இந்த இடைவெளியில்தான். எலும்பு பழையதைக் கரைக்க வாரக்கணக்கு, புதிதாக நிரப்ப மாதக்கணக்கு. இரண்டு மாதம் நின்றுவிட்டு அவசரமாக வேகம் ஏற்றிய குதிரைக்கு மேல்கை எலும்பில், அதாவது ஹ்யூமரஸில், நுண்விரிசல் வருவது இதனால்தான். நடையில் லேசான நொண்டல். இரண்டு நாள் நிறுத்தினால் காணாமல் போகும். போய்விட்டது என்று காலாப், அதாவது முழு வேகப் பாய்ச்சல், விட்டால் முறிவு.

இரண்டு மூன்று மாதம் நின்ற குதிரைக்கு ஒரு கணக்கு: முதல் இரண்டு வாரம் நடை, 30-லிருந்து 45 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் ட்ராட் (நடையைவிட வேகமான துள்ளு நடை), 10 நிமிடத்தில் தொடங்கி 20. ஐந்திலிருந்து ஏழாவது வாரம் வரை மெதுவான கேண்டர் (நிதானப் பாய்ச்சல்), 200 மீட்டருக்கு 20 விநாடி, தூரம் 1600-லிருந்து 3000 மீட்டர். எட்டாவது வாரம்தான் 200-க்கு 15 விநாடி, அதுவும் 600 மீட்டர் மட்டும், ஐந்து நாளுக்கு ஒரு முறை. கடைசியில் 12, 13 விநாடி வேகத்தில் 400 மீட்டர். ரேஸுக்கு 10–14 நாள் முன்பு ஒரு மாக் ரேஸ், அதாவது பயிற்சிப் போட்டி. எலும்பைக் கெட்டியாக்குவது நீண்ட மெதுவான ஓட்டம் அல்ல, குறைந்த தூரத்து வேகம். ஆனால் ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து ஏற்றாதீர்கள்.

தீவனம். பயிற்சியில் 5–6 கிலோ தானியம் தின்ற குதிரைக்கு ஓய்வு நாளில் அதையே போட்டு, மறுநாள் ஓடவிட்டால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். பதற்றமுள்ள பெண்குதிரைகளுக்கு இது அதிகம். பின்தொடை கல் மாதிரி, வியர்வை, நகர மறுக்கும், சிறுநீர் காபி நிறம். அப்போது நடத்தி லாயத்துக்குக் கூட்டிவராதீர்கள், இருந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை வரச் சொல்லுங்கள். ஓய்வு நாளுக்கு முந்தைய மாலையே தானியத்தைப் பாதியாக்குவது நல்லது. 500 கிலோ குதிரைக்கு உலர்புல் 7.5 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஓடி 4–6 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து சிகே (தசை சேதத்தைக் காட்டும் நொதி) பாருங்கள். அப்போதுதான் அது உச்சத்தில் இருக்கும்.

குளம்பை மறந்துவிடுவார்கள். மேய்ச்சலில் விட்ட குதிரைக்குக் குளம்பின் முன்நுனி நீண்டு, பின்பக்கக் குதி தாழ்ந்திருக்கும். அப்படியே வேகம் கொடுத்தால் இழுபடுவது முன்காலின் பின்பக்கத் தசைநார். வேகப் பயிற்சிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே லாடம் சரிசெய்யுங்கள்.

இதயத் துடிப்பை ஓட்டம் முடிந்த 2-ஆவது நிமிடத்திலும் 10-ஆவது நிமிடத்திலும் எடுத்து, போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். அதே வேகத்தில் ஓடியும் இறங்கத் தாமதமாகிறதா? உடற்தகுதிக் குறைவு என்று முடிவு கட்டும் முன் காலைத் தடவிப் பாருங்கள். வலியும் துடிப்பை ஏற்றும்.

டோட் சீட்டு:
லாயக்காரன், உங்கள் பத்து வாரம் காயத்துக்குப் பொருந்தும். திட்டமிட்டுக் கொடுக்கிற ஓய்வு வேறு. ஆஸ்திரேலியாவில் பெரிய குதிரை வருஷத்துக்கு இரண்டு முறை மேய்ச்சலுக்குப் போய் வரும், முதல் ஓட்டத்தை வேண்டுமென்றே குறைந்த தூரத்தில் வைப்பார்கள். விங்க்ஸ் 1400 மீட்டரில் தொடங்கி, சீசன் போகப் போக 2000 மீட்டருக்குப் போனது. 2017 வார்விக் ஸ்டேக்ஸில் கேட்டிலிருந்து பின்தங்கி வெளியே வந்து, கடைசிப் பாய்ச்சல்களில்தான் பிடித்தது.

பிளாக் கேவியர் இன்னும் ஒரு படி மேலே. 2012 ஜூனில் அஸ்காட்டில் தசை கிழிந்து ஒரு தலை வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த ஓட்டம் 2013 பிப்ரவரி, ஃபிளெமிங்டன், 1000 மீட்டர். எட்டு மாத ஓய்வு, வந்ததும் டிராக் ரெக்கார்டு! 1000 மீட்டரில் மூச்சுக் குறைவு வெளியே தெரிவதற்குள் முடிவுக் கம்பம் வந்துவிடும். எனேபிளுக்கு 2400-இல் தெரிந்தது. சேணம் கேட்ட கணக்கு பாதிக்குப் பாதி தூரக் கணக்கு.

நேர்ப்பாதை:
அப்படியானால் 2500-இல் டெய்யோவுக்கு ஏன் தெரியவில்லை?

ஸ்பிரிண்டர் சாக்ரே என்ற தடை தாண்டும் குதிரை பற்றி யாரும் சொல்லவில்லை. 2013 டிசம்பர், கெம்ப்டன், நடு ஓட்டத்தில் நிறுத்தினார்கள். இதயத்தின் மேலறை துடிப்பு தாளம் தப்பியிருந்தது. நிற்கும்போது குதிரை சாதாரணமாகவே தெரியும். முழு வேகத்தில்தான் இதயம் தள்ளும் ரத்தம் போதாமல் போகும். பல குதிரைகளில் ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும், இல்லையென்றால் குயினிடின் என்ற மருந்து.

திரும்பி வந்தது 2015 ஜனவரியில், இரண்டாவது இடம். மார்ச்சில் செல்டன்ஹாமில் மறுபடி நிறுத்தம். எல்லாரும் கைகழுவினார்கள். ஏப்ரலில் இரண்டாவது. நான்காவது ஓட்டத்தில், நவம்பரில், 14 லெங்த் வித்தியாசத்தில் வெற்றி. அடுத்த மார்ச்சில், பத்து வயதில், சாம்பியன் சேஸ் ரேஸிலும் வெற்றி. ஃபர்லாங் ‘இரண்டாவதைப் பாருங்கள்’ என்கிறார். இரண்டாவதைப் பார்த்திருந்தால் இந்தக் குதிரை செத்த கணக்கு.

சேணம்:
ஓட்ஸ் கணக்கு யார் கேட்டார்கள் லாயக்காரன்? ஆனாலும் குளம்பு விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

ஃபர்லாங்குக்கு ஒரு பதில் பாக்கி. டெய்யோவுக்கு அந்த வசூல் வந்ததா இல்லையா என்று பார்க்கவே வழியில்லை. 1994-இல் மறுபடி எலும்பு விட்டது. அந்த அரிமா கினெனுக்குப் பிறகு அது ஓடவே இல்லை.