பழைய பந்தயக் காரின் விலை: ஓட்டியவர் பெயருக்கா, காருக்கா?

நான்காம்கியர் எழுதியது:

2025 பிப்ரவரி 1 அன்று ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஏலத்தில் டபிள்யூ 196 ஆர் ஸ்ட்ரீம்லைனர் என்ற வளைந்த உடல் கொண்ட மெர்சிடிஸ் பந்தயக் கார் ஒன்று 5 கோடியே 11 லட்சத்து 55 ஆயிரம் யூரோவுக்கு விலைபோனது. 1955-இல் புவெனஸ் அயர்ஸில் அர்ஜென்டினாவின் உலகச் சாம்பியன் ஃபான்ஜியோ ஓட்டி வென்றதும், அதே ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டியதும் அந்தக் கார்தான். இந்த விலையின் பெரும்பகுதி அவ்விருவரின் பெயருக்கே கொடுக்கப்பட்டது என்பது என் உறுதியான கருத்து.

பெயருக்கு மட்டும் என்ன விலை என்று பிரித்தறிய வேண்டுமானால், ஒரே மாதிரியில் பல கார்கள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் புகழ்பெற்றவர் கையில் இருந்திருக்க வேண்டும். ஃபெராரி 275 ஜிடிபி/4 அதற்கு ஏற்றது. முந்நூறுக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீன் வைத்திருந்த கார் 2014 ஆகஸ்டில் மான்டரேயில் 1 கோடியே 1 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதே மாதிரியின் மற்ற நல்ல கார்கள் அக்காலத்தில் 30 லட்சம் டாலரை ஒட்டியே விலைபோயின. இத்தனைக்கும், மக்வீனுக்குப் பின் வந்த ஓர் உரிமையாளர் காலத்தில் அதன் கூரை நீக்கப்பட்டுத் திறந்த காராக மாற்றப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து மரனெல்லோவில் ஃபெராரியின் பட்டறையே புதிதாகக் கூரை அமைத்துக் கொடுத்தது. மக்வீனின் தலைக்கு மேல் இருந்த தகடே இல்லாத காருக்கு மூன்று மடங்கு விலை கிடைத்ததென்றால், வாங்கியவர் எதை வாங்கினார்?

எண்ணெய்க்கறை எழுதியது:

மக்வீனின் கார் சாலையில் ஓட்டிய கார், அவர் திரை நட்சத்திரம். அதைக் கொண்டு பந்தயக் காரின் விலையை அளக்க முடியாது. (அவர் 1970-இல் காலில் மாவுக்கட்டுடன் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் இணை ஓட்டுநராக இரண்டாம் இடம் பெற்றதை நான் மறக்கவில்லை.) பந்தயக் காரைப் பற்றி விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது, அது எங்கே ஓடியது, எத்தனையாவதாக வந்தது என்பதைத்தான்.

2016 ஆகஸ்டில் ஜாகுவார் டி-டைப் கார் ஒன்று, சேசிஸ் (அடிச்சட்டம்) எண் எக்ஸ்கேடி 501, 2 கோடியே 17 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு விற்றது. 1956-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார் அது. ஓட்டியவர்கள் ரான் ஃப்ளாக்ஹார்ட், நினியன் சாண்டர்சன். இருவரும் திறமையானவர்களே, ஆனால் ஃபான்ஜியோவைப் போல உலகம் அறிந்த பெயர்கள் அல்ல. அங்கே விலை பெற்றது லெ மான் வெற்றியும், காரின் பழைய பாகங்கள் கலையாமல் இருந்ததும்.

இன்னும் நேரடியான சான்று வேண்டுமா? 2022 மே மாதம் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்ற மெர்சிடிஸின் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹௌட் கூப்பே (கூரை மூடிய கார்) ஒரு பந்தயத்தில்கூட ஓடியதில்லை. அது தாங்கி நிற்பது ஒரு பொறியாளரின் பெயர்.

நான்காம்கியர் எழுதியது:

அந்தக் கூப்பே ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் 300 எஸ்எல்ஆர் என்ற எழுத்துகளுக்கு ஒளி எங்கிருந்து வந்தது? 1955-இல் இத்தாலியச் சாலைகளில் நடந்த மில்லே மில்யா பந்தயத்தில் 722 என்ற எண் எழுதிய திறந்த காரில், மாஸ் ஓட்ட, பக்கத்தில் அமர்ந்த டெனிஸ் ஜென்கின்சன் சுமார் ஐந்து மீட்டர் நீளக் காகிதச் சுருளில் எழுதிவைத்த வளைவுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக் கையசைவால் உணர்த்த, இருவரும் 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் இத்தாலியைச் சுற்றி வந்தார்கள். கூப்பே அந்தப் பயணத்தின் உடன்பிறப்பு. 722 விற்பனைக்கு வரவில்லை. ஆகவே அந்தப் புகழுக்கான பணம் கூப்பேயின் மீது விழுந்தது.

பட்டறைவாசி எழுதியது:

இரு தரப்பும் காருக்கு வெளியே நின்று பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. 2013 ஜூலையில் இங்கிலாந்தின் குட்வுட்டில், ஃபான்ஜியோ 1954 ஜெர்மன், சுவிஸ் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்களை வென்ற டபிள்யூ 196 விற்பனைக்கு நின்றது. கயிற்றுக்கு இப்புறம் நின்று நெடுநேரம் பார்த்தேன். வெள்ளிப் பூச்சு ஓரங்களில் உதிர்ந்திருந்தது. தகடுகள் சேரும் இடங்களில் எண்ணெயும் தூசியும் கலந்து கறுத்த கோடாகப் படிந்திருந்தன. யாரும் மெருகேற்றவில்லை. 1 கோடியே 96 லட்சத்து 1,500 பவுண்டு கொடுக்கப்பட்டபோது எனக்கு வியப்பாக இல்லை. ஃபான்ஜியோ தொட்ட உலோகம் அப்படியே இருக்கிறது என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை. பெயர் வேண்டும், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளும் வேண்டும்.

பொருள் போய்விட்டால் வழக்கு வரும். பென்ட்லியின் 'ஓல்ட் நம்பர் ஒன்', வுல்ஃப் பர்னாட்டோ 1929-இல் டிம் பிர்கினுடனும் 1930-இல் கிளென் கிட்ஸ்டனுடனும் லெ மான் வென்ற கார். பிறகு அதை மாற்றி மாற்றிக் கட்டியதில் வென்றபோது இருந்த பாகங்களில் மிகச் சிலவே மிஞ்சின. 1 கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தவர், இது அந்தக் கார் அல்ல என்று வாங்க மறுத்ததால் விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1990-இல் வந்த தீர்ப்பு விற்பவருக்கே சாதகமானது: பாகங்கள் மாறினாலும் அதன் தொடர்ச்சி எங்கும் அறுபடவில்லை, ஆகவே அது அதே கார்தான் என்றார் நீதிபதி. தொடர்ச்சியைக் காட்டும் ஆவணம் இல்லாதிருந்தால் பர்னாட்டோவின் பெயர் அந்தக் காருக்கு ஒரு காசும் சேர்த்திருக்காது.

எண்ணெய்க்கறை எழுதியது:

பட்டறைவாசி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதே அளவுகோலை ஸ்ட்ரீம்லைனர் மீது வைத்துப் பாருங்கள். புவெனஸ் அயர்ஸில் ஃபான்ஜியோ வென்றபோது அந்தச் சேசிஸ் மேல் இருந்தது சக்கரங்கள் வெளியே தெரியும் வேறு உடல். இன்று நாம் பார்க்கும் வளைந்த உடல் மோன்சாவில் மாஸ் ஓட்டியபோது இருந்தது.

பெயரை எவ்வளவு தளர்வாக ஒட்டுகிறார்கள் என்பதற்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012-இல் 3 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்த வெளிர்பச்சை ஃபெராரி 250 ஜிடிஓ, மாஸுக்காகச் செய்யப்பட்டது. ஆனால் 1962 ஏப்ரல் 23 அன்று குட்வுட் விபத்தில் அவருடைய பந்தய வாழ்வே முடிந்துவிட்டதால் அவர் அதில் பந்தயம் ஓட்டவே இல்லை. அதே ஆண்டு அதே குட்வுட்டில் டூரிஸ்ட் டிராஃபியை அந்தக் காரில் வென்றவர் இன்னஸ் அயர்லாந்து. செய்திகளோ அதை 'மாஸின் கார்' என்றே எழுதின. உழைத்து வென்றவருக்கு அது நியாயமே அல்ல. உண்மையில் அங்கே விலை பெற்றது ஜிடிஓ என்ற மாதிரி. 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விற்ற ஜிடிஓவில் இத்தாலிய தேசியப் பட்டம் வென்றவர் எதோர்தோ லுவால்தி. அந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நான்காம்கியர் எழுதியது:

அயர்லாந்து குறித்துத் தாங்கள் வருந்துவது சரியே. எனினும் ஓட்டாதவரின் பெயரே தலைப்பில் நின்றது என்பது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

ஒரே காரின் இரண்டு விற்பனைகளைப் பார்ப்போம். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஷூமாக்கர் 2001-இல் மொனாக்கோ பந்தயத்தை வென்று, ஹங்கேரியில் நான்காவது உலகப் பட்டத்தையும் உறுதிசெய்த ஃபெராரி எஃப் 2001, சேசிஸ் 211. 2017 நவம்பரில் 75 லட்சம் டாலர். 2025 மே மாதத்தில் 1 கோடியே 59 லட்சம் யூரோ. இடைப்பட்ட ஏழரை ஆண்டுகளில் அந்தக் கார் புதிதாக எந்தப் பந்தயத்தையும் வெல்லவில்லை, அதன் அரிய தன்மையும் கூடவில்லை. ஷூமாக்கர் வெல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த சிறுவர்கள் கையில் பணம் சேரும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். நினைவு அவர்களுடையது, அந்த நினைவில் இருப்பது ஒரு மனிதரின் முகம்.

எண்ணெய்க்கறை எழுதியது:

எஃப் 2001 விஷயத்தில் தங்கள் பக்கம் வலுவானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஷூமாக்கர் சோதனை ஓட்டத்துக்கு மட்டும் பயன்படுத்திய சேசிஸாக அது இருந்திருந்தால் இந்த விலை வந்திருக்குமா?

நான்காம்கியர் எழுதியது:

வந்திருக்காது, கணிசமாகக் குறைந்திருக்கும். அதே மொனாக்கோவில், அதே மாதிரிக் காரில், அவருக்குப் பின்னாலேயே இரண்டாவதாக வந்தவர் ஃபெராரியின் இன்னோர் ஓட்டுநர் பாரிக்கெல்லோ. அன்று அவர் ஓட்டிய சேசிஸ் ஏல மேடையேறும் நாளில் அதன் விலையை 211-இன் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் கழித்துக்கொள்ளுங்கள். எஞ்சி நிற்பதை நான் ஷூமாக்கர் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.